கை எவ்வளவு நகர்ந்தது? எளிய எந்திரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

நெம்புகோல், கப்பி, பற்சக்கரம் ஆகியவற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு சொற்களில் எழுதியிருந்ததால், சில கடிதங்களைச் சுருக்கி ஒன்றாக்க வேண்டியிருந்தது.

கேள்வி: 100 கிலோ எடையுள்ள கல்லை நெம்புகோலின் உதவியால் 20 கிலோ விசையில் தூக்கிவிடலாம் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் மீதி 80 கிலோவைத் தூக்குவது யார், ஐயா? "சூத்திரப்படி அப்படித்தான் வரும்" என்ற பதில்தான் கிடைத்தது. என் மனம் ஒப்பவில்லை. (பள்ளி மாணவி)

பதில்: சூத்திரத்தோடு நின்றுவிடாமல் நீங்கள் எழுதிக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது, நெம்புகோலைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். 150 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கடப்பாரையை எடுத்துக்கொள்வோம். அதன் நுனியைக் கல்லுக்கு அடியில் செருகி, நுனியிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தால், அந்தக் கட்டை ஆதாரப்புள்ளி ஆகிறது. கல் இருக்கும் பக்கம் 25 சென்டிமீட்டர், கை இருக்கும் பக்கம் 125 சென்டிமீட்டர். அதாவது ஒன்றுக்கு ஐந்து. ஆகவே கை 20 கிலோ விசையால் அழுத்தினால் 100 கிலோ கல் எழுகிறது.

இப்போது கல்லையும் கையையும் விட்டுவிட்டுக் கட்டையைக் கவனியுங்கள். கடப்பாரையின் ஒரு முனையைக் கல் 100 கிலோவால் கீழே அழுத்துகிறது. மறுமுனையைக் கை 20 கிலோவால் கீழே அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்த 120 கிலோவையும் மேல்நோக்கித் தாங்கி நிற்பது அந்தக் கட்டையும் அதற்குக் கீழே உள்ள தரையும்தான். நீங்கள் தேடிய 80 கிலோ அங்கேதான் இருக்கிறது. வேலை முடிந்தபின் கட்டையைப் புரட்டிப் பார்த்தால், கடப்பாரை பதிந்த தழும்பு அதில் ஆழமாகத் தெரியும். தரை ஈரமாக இருந்தால் கட்டை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். கை கீழே வந்தும் கல் அசையாது.

விசையைத் தரையிலிருந்து இப்படி இலவசமாகப் பெறலாம், ஆனால் வேலையை அப்படிப் பெற முடியாது. வேலை என்பது விசையை அது நகர்த்திய தூரத்தால் பெருக்கி வருவது. உங்கள் கை 50 சென்டிமீட்டர் கீழே வந்தால் கல் 10 சென்டிமீட்டர் மட்டுமே மேலே எழும். 20-ஐ 50-ஆல் பெருக்கினாலும், 100-ஐ 10-ஆல் பெருக்கினாலும் விடை 1000. தரை 120 கிலோவைத் தாங்கினாலும் அது கொஞ்சமும் நகராததால் அது செய்த வேலை சுழி; கல் பெற்ற வேலை முழுவதும் உங்கள் கையிலிருந்தே போனது. எந்திரங்கள் இயற்கையை ஏமாற்றிக் கூடுதலாக எதையோ பெற்றுத் தருகின்றன என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. விசையில் பெறும் லாபம் தூரத்திலும் வேகத்திலும் கழிந்துவிடுகிறது என்பதை 1600-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய எந்திரவியல் குறிப்புகளில் கலிலியோ தெளிவாக விளக்கினார். எந்த எந்திரத்தைப் பார்த்தாலும் கை எவ்வளவு நகர்ந்தது, பளு எவ்வளவு நகர்ந்தது என்ற இரண்டு அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு அளவுகளிலிருந்து வந்தவையே.

கேள்வி: நிற்க ஓர் இடம் கொடுத்தால் பூமியையே நகர்த்திக் காட்டுவேன் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதாகப் படித்திருக்கிறேன். கணக்குப்படி அது முடியுமா?

பதில்: விகிதக் கணக்கு தடுக்காது, தூரம்தான் தடுக்கும். பூமியின் நிறை ஏறக்குறைய 6-ஐ அடுத்து 24 சுழிகள் இட்ட கிலோகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தம் முழு எடையையும் நெம்புகோலின் மறுமுனையில் ஏற்றுகிறார் என்றும், அவர் எதிர்கொள்ளும் பளு அந்த நிறைக்கு ஈடானது என்றும் வைத்துக்கொண்டால், நெம்புகோலின் ஒரு கரம் மற்றதைப் போல 1-ஐ அடுத்து 23 சுழிகள் இட்ட மடங்கு நீளமாக இருக்க வேண்டும். பூமி ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர, அவர் இருக்கும் முனை 1-ஐ அடுத்து 18 சுழிகள் இட்ட கிலோமீட்டர் நகர்ந்தாக வேண்டும். ஒளியே அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் பால்வழி மண்டலத்தின் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவுதான். விகிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்ற அவருடைய கூற்றில் பிழை இல்லை. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் முடிகிற வேலையாக அது இல்லை, அவ்வளவே.

கேள்வி: நெம்புகோல் வேலையை எளிதாக்கும் என்கிறார்கள். ஆனால் இடுக்கி, துடைப்பம், நம் முன்கை போன்ற மூன்றாம் வகை நெம்புகோல்களில் (ஆதாரப்புள்ளிக்கும் பளுவுக்கும் நடுவே விசை தரப்படுபவை) பளுவைவிட அதிக விசை தர வேண்டியிருக்கிறதே! நட்டப்படுவதற்கு ஏன் ஒரு கருவி?

பதில்: முன்கையை எடுத்துக்கொள்வோம். முழங்கை மூட்டு ஆதாரப்புள்ளி. மேற்கையின் இருதலைத் தசை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளி எலும்பில் ஒட்டியிருக்கிறது. பளுவைப் பிடித்திருக்கும் உள்ளங்கை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே 5 கிலோ பளுவை முன்கை கிடையாக இருக்கும்படி ஏந்தி நிற்கும்போது, முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே, தசை 35 கிலோ விசையால் இழுத்துக்கொண்டிருக்கிறது. இதை முதலில் கணக்கிட்டுப் பார்த்த நாளில் நான் என் கையைக் கொஞ்ச நேரம் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நட்டம் விசையில் மட்டுமே. தசை மிகுந்த விசையால் இழுக்கக்கூடியது, ஆனால் அதிகம் சுருங்க இயலாதது. அது 1 சென்டிமீட்டர் சுருங்கினால் உள்ளங்கை 7 சென்டிமீட்டர் நகர்கிறது, அதே நேரத்தில், அதாவது ஏழு மடங்கு வேகத்தில். பந்தை எறியவும், விழும் பொருளைச் சட்டென்று பிடிக்கவும் நமக்குத் தேவைப்படுவது அந்த வேகம்தான். துடைப்பத்திலும் அப்படியே: கீழ்க்கை சிறிது அசைந்தால் நுனி பெரிய வளைவைப் பெருக்கிவிடுகிறது. இடுக்கியின் கதை சற்று வேறு. மென்மையான பொருளை நசுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதால், விசை குறைவதே அங்கு நமக்கு வேண்டிய பயன்.

கேள்வி: உயரத்தில் ஒரே ஒரு கப்பி, அதன்மேல் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் கட்டிய பலகையில் நான் உட்கார்ந்து, மறுமுனையை நானே இழுத்தால் எளிதாக மேலே போகிறேன். அதே முனையைத் தரையில் நிற்கும் தோழர் இழுத்தால் அவர் திணறுகிறார். கப்பியும் ஒன்று, கயிறும் ஒன்று, எடையும் ஒன்று. எப்படி இந்த வேறுபாடு? (வண்ணப்பூச்சு வேலை செய்பவர்)

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நிலையான கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றும், அளவைக் குறைக்காது என்று படித்தவர்கள் பலர், நீங்கள் சொல்வதை நம்பவே மாட்டார்கள். ஆனால் நீங்கள் கண்டது சரி.

நீங்களும் பலகையும் சேர்ந்து 60 கிலோ என்று கொள்வோம். தோழர் இழுக்கும்போது உங்களைத் தாங்குவது பலகையில் கட்டிய ஒரே கயிறு. அதனால் அந்தக் கயிற்றில் 60 கிலோ இழுவிசை, அவர் கையிலும் 60 கிலோ. நீங்களே இழுக்கும்போது உங்களைத் தாங்குபவை இரண்டு: பலகையில் கட்டிய கயிறு ஒன்று, உங்கள் கைகள் பற்றியிருக்கும் கயிறு மற்றொன்று. கை கயிற்றைக் கீழே இழுக்கும்போது கயிறு கையை மேலே இழுக்கிறது அல்லவா? இரண்டும் ஒரே கயிற்றின் பகுதிகள் என்பதால் இழுவிசை இரண்டிலும் ஒன்றே. ஆளுக்குப் பாதியாக 30 கிலோ. தூரத்தை அளந்தாலும் இதுவே வரும். நீங்கள் 1 மீட்டர் மேலே செல்ல, பலகைப் பக்கக் கயிறு 1 மீட்டர் குறைய வேண்டும். நீங்களும் 1 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள். ஆக உங்கள் கைகளின் வழியாக 2 மீட்டர் கயிறு கடந்து போயிருக்கும். தோழரின் கைகளில் 1 மீட்டர்தான் கடந்திருக்கும். சுவரில் நிற்கும் கப்பி அப்படியே இருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை அது நகரும் கப்பியாகிவிட்டது.

உங்கள் தொழிலை எண்ணி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்களே இழுக்கும்போது கப்பியைத் தாங்கும் கொக்கியின்மேல் வருவது 60 கிலோ. தோழர் கீழேயிருந்து இழுக்கும்போது அதே கொக்கியின்மேல் 120 கிலோ. அவர் கயிற்றைக் கீழே ஏதாவது கம்பத்தில் கட்டிவிட்டு நகர்ந்துபோனாலும் 120 கிலோதான். கொக்கியின் வலிமையை உங்கள் எடையை வைத்து மதிப்பிடாதீர்கள். அதைப்போல் இரு மடங்கை வைத்து, அதற்கு மேலும் போதிய இடைவெளி விட்டு மதிப்பிடுங்கள்.

கேள்வி: கப்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு குழந்தைகூட லாரியைத் தூக்கிவிடலாமா?

பதில்: உராய்வு இல்லாவிட்டால் தூக்கலாம். பளுவோடு சேர்ந்து நகரும் கப்பித் தொகுதியைத் தாங்கும் கயிற்றுப் பிரிவுகளை எண்ணினால் போதும். நான்கு பிரிவுகள் என்றால் விசை கால் பங்கு. ஆனால் கயிறு ஒவ்வொரு சக்கரத்திலும் வளைந்து நிமிரும்போதும், சக்கரம் அச்சில் சுழலும்போதும் இழுவிசையில் ஒரு பகுதி வீணாகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் பிரிவில் கை விசையின் 0.9 பங்கு, அடுத்ததில் 0.81, அதற்கடுத்ததில் 0.73 என்று குறைந்துகொண்டே போகும். நான்கு பிரிவுகளில் நான்கு மடங்குக்குப் பதில் 3.1 மடங்கு கிடைக்கும்; பத்துப் பிரிவுகளில் 5.9 மடங்கு, எத்தனை நூறு சக்கரங்கள் சேர்த்தாலும் 9 மடங்கை எட்டாது. அதற்கு மேல் வேண்டுமானால் சக்கரத்தின் அச்சில் நல்ல பேரிங் இட்டு வீணாவதைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு வகை எந்திரத்துக்கு மாற வேண்டும். பளுவை ஏற்றும்போது இடைஞ்சல் தரும் இதே உராய்வு, ஏற்றிய பளுவை அந்தரத்தில் பிடித்து நிறுத்தும்போது நமக்கு உதவுகிறது. பிடித்திருக்கத் தேவைப்படும் விசை, ஏற்றத் தேவைப்பட்டதைவிடக் குறைவு.

கேள்வி: எளிய எந்திரங்களின் பட்டியலில் பற்சக்கரம் இடம்பெறுவதில்லையே, ஏன்?

பதில்: அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஹீரோ என்ற கிரேக்கப் பொறியாளர் ஐந்து எந்திரங்களைப் பட்டியலிட்டார்: சக்கரமும் அச்சும், நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு. பிற்காலத்தில் சாய்தளம் சேர்ந்து ஆறாயிற்று. பற்சக்கரம் அந்தக் காலத்தில் தெரியாத பொருளாக இருந்ததால் விடுபட்டது என்று எண்ண வேண்டாம். கிரேக்கத் தீவான ஆண்டிகிதிராவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் மீட்கப்பட்ட, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையான வானியல் கருவியில் 30 வெண்கலப் பற்சக்கரங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 223 பற்கள். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒரு முறை அதே வரிசையில் திரும்புவதைக் காட்ட அந்த எண்.

பற்சக்கரத்தைத் தனி இனமாகக் கருதத் தேவையில்லை. சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் நெம்புகோல் என்றே அதைச் சொல்லலாம். சக்கரத்தின் மையம் ஆதாரப்புள்ளி, ஒவ்வொரு பல்லும் ஒரு கரத்தின் நுனி. கடப்பாரை ஒரு சாண் எழுப்பியதும் நின்றுவிடும். பற்சக்கரத்தில் ஒரு பல் விலகும்முன் அடுத்த பல் வந்து பிடித்துக்கொள்வதால் நெம்புதல் முடிவதே இல்லை. 12 பற்கள் உள்ள சக்கரம் 36 பற்கள் உள்ளதைத் திருப்பினால், தொடும் இடத்தில் இரண்டு பற்களும் ஒன்றையொன்று சமமான விசையால்தான் தள்ளுகின்றன. ஆனால் பெரிய சக்கரத்தில் அந்த விசை மூன்று மடங்கு நீளமான கரத்தில் விழுவதால் திருப்புவிசை மூன்று மடங்காகிறது. சுழலும் வேகம் மூன்றில் ஒன்றாகிறது. இடையில் மூன்றாவதாக ஒரு சக்கரத்தை நுழைத்தால், அதற்கு எத்தனை பற்கள் இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. சுழலும் திசை மட்டும் மாறும்.

முட்கள் உள்ள கைக்கடிகாரத்தின் முகப்புக்குப் பின்னால் இதன் அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. நிமிட முள் 12 முறை சுற்றினால் மணி முள் ஒரு முறை சுற்ற வேண்டும். நிமிட முள்ளோடு சுழலும் 10 பல் சக்கரம் 30 பல் சக்கரத்தைத் திருப்புகிறது. அதே அச்சில் ஒட்டிய 8 பல் சக்கரம் 32 பல் சக்கரத்தைத் திருப்புகிறது. மூன்றும் நான்கும் பெருகிப் பன்னிரண்டாகிறது. இரண்டு முறை பல் மாறுவதால் திசையும் இரண்டு முறை திரும்பி, இரண்டு முட்களும் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே மையத்தில் நிற்கவும் முடிகிறது. பல்லின் எண்ணிக்கை கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறலாம். பெருக்குத்தொகை 12-ஐ விட்டு விலகாது.

கேள்வி: மிதிவண்டியில் கியர் வைப்பது நம் பலத்தைக் கூட்டத்தானே? மேட்டில் ஏறும்போது உண்மையிலேயே பலம் கூடுகிறதா?

பதில்: மிதிவண்டி விசையைக் கூட்டும் எந்திரம் என்ற எண்ணமே தவறானது; சாதாரண ஓட்டத்தில் அது விசையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுகிறது. இதை நான் என் வண்டியில் அளந்து பார்த்தேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டுக்கொண்டு, மிதியைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி வண்டியை உருட்டினேன். முன்பக்கப் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்பக்கத்தில் 18. ஆகவே மிதி ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.44 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 210 சென்டிமீட்டர் என்பதால் வண்டி 513 சென்டிமீட்டர் முன்னேறும். மிதியின் தண்டு 17 சென்டிமீட்டர் நீளம். அதனால் கால் கடந்த வட்டப்பாதை 107 சென்டிமீட்டர். கால் ஒரு பங்கு நகர்ந்தால் வண்டி 4.8 பங்கு நகர்கிறது. அப்படியானால், மிதியின்மேல் 48 கிலோ விசை செலுத்தும்போது வண்டியை முன்னே தள்ளும் விசை 10 கிலோதான்.

சமதரையில் அந்த 10 கிலோ தாராளம். மேட்டில் போதாது. அப்போது முன்னே 28 பல்லுக்கும் பின்னே 32 பல்லுக்கும் சங்கிலியை மாற்றினால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 184 சென்டிமீட்டர் மட்டுமே போகும். அதே 48 கிலோ மிதிப்பில் தள்ளும் விசை 28 கிலோவாகிறது. காலின் பலம் கூடவில்லை. முன்பு தூரத்துக்காக விட்டுக்கொடுத்த விசையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அதே மேட்டை ஏறி முடிக்க இப்போது மிதியை முன்னைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு முறை சுற்றியாக வேண்டும்.

கேள்வி: கிதாரின் முறுக்காணியைத் திருப்பினால் தந்தி இறுகுகிறது, ஆனால் அவ்வளவு இறுகிய தந்தி ஆணியைத் திருப்பி அவிழ்ப்பதில்லையே?

பதில்: அந்த ஆணியின் தண்டில் திருகு மரை போன்ற புரி இருக்கிறது, அது ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் எதிரே உள்ள சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 14 பற்கள் என்றால் விகிதம் 14-க்கு 1. தந்தி பின்னோக்கி இழுக்கும்போது, சக்கரத்தின் பல் அந்தப் புரியின் மிகக் குறைந்த சரிவின்மேல் பக்கவாட்டில் முட்டுகிறது. சரிவில் வழுக்கிப் புரியைச் சுழற்றும் அளவுக்கு அதனால் உராய்வை வெல்ல முடியாது. இங்கே உராய்வு பூட்டாக வேலை செய்கிறது.

கேள்வி: பட்டறையில் நான் கழற்றிய ஒரு கியர்ப் பெட்டியில் 12-க்கு 37 என்று பொருந்தாத எண்ணில் பற்கள் இருந்தன. 36 என்று வைத்தால் கணக்குச் சரியாக வருமே? பல்லின் பக்கமும் நேராக இல்லாமல் சற்று உப்பி வளைந்திருக்கிறதே, ஏன்?

பதில்: 37 பற்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. 12-க்கு 36 என்றால், சிறிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் அதே மூன்று பற்களை மட்டுமே ஆயுள் முழுவதும் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு வடு இருந்தால் அந்த மூன்று பற்கள் மட்டும் அரிக்கப்படும். 12-க்கும் 37-க்கும் பொது வகுஎண் இல்லாததால், சிறிய சக்கரம் 37 சுற்று முடிப்பதற்குள் ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள எல்லாப் பற்களையும் ஒரு முறை சந்தித்துவிடும். தேய்மானம் எல்லாவற்றின்மேலும் பரவலாக விழும். விகிதம் மிகச் சரியாக 3 ஆக இருந்தே தீர வேண்டிய கடிகாரம் போன்றவற்றில் இப்படிச் செய்ய இயலாது.

வளைவுக்குக் காரணம் வேறு. ஆண்டிகிதிராக் கருவியில் இருப்பவை போன்ற முக்கோணப் பற்கள் சுற்றுக் கணக்கைச் சரியாகக் காட்டும். ஆனால் ஒரு பல் தொடத் தொடங்கி விலகுவதற்குள் தொடும் இடம் கண்டபடி மாறுவதால் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும். மெதுவாகக் கையால் திருப்பும் கருவியில் அது தெரியாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் எந்திரத்தில் அது அதிர்வாகவும் இரைச்சலாகவும் மாறிப் பல்லையே முறித்துவிடும். விகிதம் ஒவ்வொரு கணமும் மாறாமல் இருக்க ஏற்ற வளைவை 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் என்ற கணித மேதை முன்மொழிந்தார். இரண்டு வட்டங்களின் நடுவே குறுக்காகக் கட்டிய நூல் ஒன்றிலிருந்து பிரிந்து மற்றொன்றில் சுற்றிக்கொள்வதுபோல இரண்டு பற்களும் நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கியரின் பல்லுக்குள் ஒரு கப்பியும் கயிறும் மறைந்திருக்கின்றன என்றே நான் இதை எண்ணிக்கொள்வேன்.

அந்த வளைவை நீங்களே வரையலாம். வட்டமான மூடி ஒன்றைத் தாளின்மேல் அசையாமல் ஒட்டி, அதன் விளிம்பில் நூலைச் சுற்றி, நூலின் நுனியில் பென்சிலைக் கட்டுங்கள். நூல் தளராமல் இழுத்துப் பிடித்தபடி மெல்லப் பிரித்துக்கொண்டே வாருங்கள். பென்சில் மூடியை விட்டு விலகத் தொடங்கும் இடத்தில் விழும் அந்தச் சிறு வளைவுத் துண்டுதான், நீங்கள் கழற்றிய கியர்ப் பெட்டியில் ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் இருப்பது.